தட்டை மூஞ்சி நாய்க்கு நான் செய்த கூலர்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகரம் வளைக்கிறவர்களில் என்னைத் தெரியாதவர் அந்தக் காலத்தில் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு ஷெட்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, பின்னால் அதே ஷெட்டுக்கு எதிரில் சொந்த ஷெட் போட்டேன். பெரிய கம்பெனிகளில் கூரையை ஒட்டிச் சதுரமாக, நீளமாகத் தகரக் குழாய் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டக்ட் என்பார்கள். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இழுக்கவும், ஏ.சி. மிஷின் தரும் குளிரை ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோகவும் அதுதான் வழி. என் கை பட்ட டக்டில் காற்று ஒழுகுகிறது என்று எந்த இன்ஜினியரும் என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

அப்படிப்பட்டவனைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாய் சோதித்துப் பார்த்தது.

நாய் எனக்கு வந்ததல்ல, என் மனைவிக்கு வந்தது. திருமுல்லைவாயிலில் நான் கட்டிய வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு அவள் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ் பெண்கள் நிறையப் பேர் அவளிடம்தான் தைப்பார்கள். அதில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். வீட்டுக்காரர் பேக்டரியில் ஆபீசர். அவருக்கு வடக்கே எங்கோ மாற்றல் வந்துவிட்டது. சாமான்களெல்லாம் கட்டியாயிற்று, நாயை என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அம்மா அழுதிருக்கிறார். அளவு பிளவுஸைத் திருப்பிக் கொடுக்கப் போன என் மனைவி அந்த நேரத்தில் அங்கே போய் நின்றிருக்கிறாள்.

"அக்கா, ரெண்டு ராத்திரி ரயிலுங்க. சாமான் ஏத்துற பிரேக் வண்டில பெட்டிக்குள்ள அடைச்சுத்தான் கொண்டுபோகோணுமாம். இந்த மே மாசத்துல இது உசுரோட எறங்காதுங்க" என்றாராம்.

அந்த வருடம்தான் எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தோம். நான் காலையில் எஸ்டேட்டுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவேன். நாளெல்லாம் வீட்டில் மிஷின் சத்தம் ஒன்றுதான் அவளுக்குத் துணை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாயை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து இது வேண்டும் என்று அவள் எதையும் கேட்டதில்லை. அதனால் நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. மற்ற நாய்க்கு மூக்கு இருக்கிற இடத்தில் இதற்கு ஒரு மடிப்பு இருந்தது. கறுத்த முகம், முட்டிக்கொண்டு நிற்கும் கண்கள், சுருண்ட வால். இந்த ஜாதிக்குப் பக் என்று பெயராம். சும்மா உட்கார்ந்திருந்தாலே கர்ர் கர்ர் என்று மூச்சு விட்டது.

"அந்தம்மா சொல்லி அனுப்பிச்சுதுங்க. மூக்கு உள்ளாற மடிஞ்சு கீறதால, மத்த நாய் மாரி இதுக்குக் காத்து போய் வர வழி இல்லியாம். வெயில்ல உடக் கூடாது, ஓட உடக் கூடாது, கொழுக்க உடக் கூடாது. சூடு ஏறிச்சுன்னா மூச்சு முட்டியே போயிருமாம்" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரர் ரிடையர் ஆன பஸ் கண்டக்டர். தெருவில் எது நடந்தாலும் அவருக்கு அதில் ஒரு டிக்கெட் கிழித்தாக வேண்டும். மதில் மேல் கையை வைத்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமே, ஷட்டர் எறக்கும்போது மூஞ்ச உள்ள உட்டுகிச்சா?"

"ஆபீசர் ஊட்டு நாய்யா இது. மரியாதையா பேசு."

"ஆபீசரா இருந்தா இன்னா, பியூனா இருந்தா இன்னா, கத்திரி வெயிலுக்கு எல்லாம் ஒண்ணுதான். மூச்சு உடற சவுண்ட கேளு, கியர் உழாத வண்டி மாரி கீது. இது கத்திரி தாண்டாது மாமே."

உள்ளேயிருந்து என் மனைவி வெளியே வந்தாள். "அண்ணே, வாயக் கழுவினு வந்து பேசு" என்று அவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இது செத்துச்சுன்னா நான் இந்த ஊட்ல அடுப்பு பத்த வெக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. கத்திரி பிறக்கச் சில நாட்களே இருந்தன. தெருவே கேட்கும்படி நான் சொன்னேன்: "நாய்க்கு இந்த ஊட்லயே ஊட்டியக் காட்டறேன். எல்லாரும் வந்து பாருங்க."

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பட்டணத்தில் மதியம் ஆனால் கடல்காற்று வந்துவிடும். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் அது வந்து சேர மாலை ஆகிவிடும். சில நாள் பாதி வழியிலேயே நின்றுவிடும். என் வீடு கான்கிரீட் மாடி. என் பார்வையில் கலவை போட்டு, நானே நின்று தண்ணீர் கட்டிய மாடி. திடமான மாடி. ஆனால் பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் திருப்பிக் கொடுக்கும். மின்விசிறி போட்டால் அந்தச் சூட்டையே நம் தலையில் இறக்கும்.

எனவே கூலர் செய்தேன். வாங்கவில்லை, செய்தேன். கடையில் விற்கிற கூலர் எல்லாம் தகரமா அது? நான் துருப்பிடிக்காத நல்ல ஜி.ஐ. தகர ஷீட் எடுத்து, மூலைக்கு மூலை மடித்து, கீழே தண்ணீர்த் தொட்டி வைத்து, மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி கட்டி, ஒரு கம்பெனியில் கழற்றிப் போட்ட எக்ஸாஸ்ட் ஃபேனை நடுவில் பொருத்தினேன். சின்ன பம்ப் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றித் தட்டிமேல் விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பீரோ உயரம் இருந்தது. லோடு வண்டியில் அது வந்து இறங்கியபோது தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள்.

உள்ளறையில் அதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். எத்தனையோ கம்பெனி ஏ.சி. அறைகளுக்கு நான் டக்ட் போட்டிருக்கிறேன். வேலை முடிந்தால் நம்மை அந்த அறையில் உட்கார விடமாட்டார்கள், அது வேறு. ஆனால் எல்லா அறைக் கதவிலும் 'கதவை மூடவும்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அஞ்சாம் வகுப்பு படித்தவனுக்கு அது நன்றாகவே படிக்க வரும். ஒரு துளி குளிர் வெளியே போகக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம். அதே சட்டத்தை என் வீட்டிலும் போட்டேன். ஜன்னலுக்குத் தெர்மகோல் வெட்டி அடைத்தேன். மேலே இருந்த காற்றுத் துவாரத்துக்குத் தகரம் வைத்து இடுக்கில் பட்டி பூசினேன். கதவுக்கு அடியில் ரப்பர் கூட ஒட்டினேன். நான் அடைத்தால் அடைத்ததுதான்.

ஸ்விட்சைப் போட்டதும் அறை முழுக்க வெட்டிவேர் வாசனை. வெளியே தார் ரோடு உருக, உள்ளே கை ரோமம் நின்றது. கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னாய்யா, கத்திரி தாண்டுமா?" என்று கேட்டேன்.

"நாய் தாண்டுதோ இல்லியோ, நான் தாண்டிருவேன் மாமே. மதியானத்துல இங்கியே ஒரு பாய் போட்டுடு."

முதல் சில நாட்கள் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு வீட்டில் சில்லறை விஷயங்கள் கெட ஆரம்பித்தன. தீப்பெட்டி உரசினால் மருந்து வழுக்கிக்கொண்டு போனது. அந்த அறை அலமாரியில் வைத்திருந்த அப்பளம் வெற்றிலை மாதிரி வளைந்தது. உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. லைனிங் துணியைத் தைப்பதற்கு முன்னால் நனைத்துக் காயவைப்பது வழக்கம், இல்லாவிட்டால் பிறகு சுருங்கிவிடும். எப்போதும் நடையில் கொடி கட்டிக் காயப்போடுகிறவள், தெருப் புழுதி படிகிறதென்று கூலர் அறையில் போட்டாள். மறுநாளும் துணி காயவில்லை, நாற்றம் வேறு.

"இன்னாங்க, உள்ள எல்லாமே நசநசன்னு கீது. செவுத்துல கை வெச்சா ஈரம்."

"ஊட்டின்னா ஈரமாத்தான் இருக்கும். நீ ஊட்டி பாத்திருக்கியா?"

"நீ பாத்திருக்கியா?"

நானும் பார்த்ததில்லை. ஆனால் அதை அப்போது சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நாய் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். அவ்வளவு பாடுபட்டு அதற்காகச் செய்திருக்கிறேன், அது கூலருக்கு முன்னால் படுக்காது. கதவுக்குப் பக்கத்தில் போய், நான் ரப்பர் ஒட்டிய இடத்தில் மூஞ்சியை அழுத்திக்கொண்டு கிடக்கும். இழுத்து வந்து கூலர் முன்னால் போட்டால் எழுந்து மறுபடியும் கதவுக்கே போகும். ஊர் சுற்ற ஆசை என்று நினைத்தேன். மூச்சுச் சத்தமும் நாளுக்கு நாள் ஏறியது. முதலில் கர்ர் என்று இருந்தது, பிறகு மரம் அறுக்கிற மாதிரி ஆனது. நாக்கு அகலமாகத் தொங்கியது. மனைவி அதன் முதுகைத் தடவியபடி என்னையே பார்ப்பாள். நான் பம்பில் தண்ணீர் சரியாக ஏறுகிறதா என்று பார்ப்பேன்.

எஸ்டேட்டில் வாரத்துக்கு ஒரு நாள் பவர் ஹாலிடே விடுவார்கள். மிஷினுக்குக் கரண்ட் இருக்காது, ஷெட்டைப் பூட்டிவிடுவோம். அப்படி ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு நானும் கூலர் அறையிலேயே படுத்துத் தூங்கினேன். மனைவி போட்ட சத்தத்தில்தான் விழித்தேன்.

நாய் கதவோரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வாயிலிருந்து எச்சில் பசை மாதிரிக் கயிறு கயிறாகத் தொங்கியது. ஈறெல்லாம் செங்கல் நிறம், நாக்கு கறுத்துப் போயிருந்தது. நிற்கவைத்தால் பின்னங்கால் மடிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

அவள் அதை வாரி எடுத்துக்கொண்டு கதவைக் காலால் உதைத்துத் திறந்து நடைக்கு ஓடினாள். தெருக்கதவுக்கும் கொல்லைக்கதவுக்கும் நடுவே நேராக ஓடுகிற நடை அது. வெறும் சிமென்ட் தரையில் அதைக் கிடத்தினாள். நான் கோணிச் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து மேலே போர்த்தினேன். வெல்டிங் பண்ணிய தகரத்தின் மேல் நாங்கள் அப்படித்தான் ஈரச் சாக்குப் போடுவோம்.

"யோவ், மூடாதய்யா! மூச்சே உட முடியல அதுக்கு, மூட்ட கட்றியா? அந்தம்மா சொன்னாங்க, தண்ணி ஊத்தணும், காத்து உடணும். எடு அத!"

சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். நிலத்தொட்டியிலிருந்து நான் குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். அவள் வயிற்றிலும் அக்குளிலும் கால் இடுக்கிலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து நாயின் வயிற்றுக்கு நேராக வைத்தார். வாயில் தண்ணீரை ஊற்றப் போனேன், "மூச்சுல ஏறிரும், அதுவா நக்கினா நக்கட்டும்" என்று அதையும் தடுத்தாள். அவள் கை ஒரு நொடி நிற்கவில்லை. முகம்தான் பார்க்க முடியாதபடி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அறுக்கிற சத்தம் தணிந்தது. நாக்கின் கறுப்பு விலகியது. அவள் கூப்பிட்டபோது கண்ணை அவள் பக்கம் திருப்பியது.

"அப்பா!" என்றார் கண்டக்டர். அந்த மனிதர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. கரையான்சாவடியில் எனக்குத் தெரிந்த மாட்டு டாக்டர் இருந்தார். அவர் வீட்டுக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பக்கம் திறந்த லோடு வண்டியில் பின்னால் அவளும் நாயும், ஒரு குடம் தண்ணீரும். வழியெல்லாம் நனைத்துக்கொண்டே வந்தாள், வண்டி வேகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பந்தலில் நின்ற எருமைகளைத் தாண்டி உள்ளே போவதற்குள் நாய் தலையைத் தூக்கிவிட்டது.

டாக்டர் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார். "நல்ல நேரத்துல தண்ணி ஊத்தினீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

கூலரைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஷீட், வெட்டிவேர், பம்ப், ஒன்றும் விடாமல்.

"ஜன்னலு?"

"அடைச்சிட்டேன் சார். எறும்பு மூச்சுகூடப் போவாது."

டாக்டர் கையைத் துடைத்தபடி சொன்னார்: "நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காதுய்யா. நாக்கு ஈரம் காத்துல காயணும், அப்பதான் உள்ள சூடு எறங்கும். நீள மூக்கு நாய்க்கு மூக்குக்குள்ளயும் அந்த வேலை நடக்கும். இதுக்கு மூக்கே இல்ல. நீங்க அறைக் காத்து மொத்தத்தையும் நனைச்சு வெச்சிட்டீங்க. நனைஞ்ச காத்துல எது காயும்?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு மனைவி, "லைனிங் துணி காயல. அன்னிக்கே சொன்னேன்" என்றாள். பூந்தமல்லி ரோடு தாண்டி ஆவடி வரும்வரை நாயை மடியிலிருந்து இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? டாக்டர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்கிறவன் இல்லை நான். ஒரே லைனிங் துணியை இரண்டாகக் கிழித்தேன். இரண்டையும் நனைத்து, ஒன்றைக் கூலர் அறையில் போட்டுக் கதவை மூடினேன், இன்னொன்றை நடையில் போட்டேன். நடையில் போட்டது நான் இரண்டாவது டீ குடிப்பதற்குள் மொரமொரவென்று காய்ந்துவிட்டது. அறையில் போட்டதைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு முழுசாகப் புரிந்தது. ஏ.சி. மிஷின் காற்றிலிருந்து தண்ணீரை எடுத்து வெளியே சொட்டவிடும், கூலர் தண்ணீரைக் காற்றில் சேர்க்கும். ஏ.சி. சட்டம் கூலருக்கு ஆகாது. நம்மூர்க் காற்று ஏற்கெனவே பாதி ஈரம். இத்தனையும் அந்தத் துணித் துண்டு சொன்னது எனக்கு. கூலரில் ஒரு குறையும் இல்லை, ஜன்னலை அடைத்ததுதான் வினை. அந்தக் கூலர் பிறகு வேறு ஃபேன் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய், நாலு பக்கமும் திறந்த பந்தியில் நின்று, நல்ல பேர் வாங்கியது.

"துணியக் கிழிச்சியே, அது யாரோட துணி தெரியுமா?" என்றாள் மனைவி. யாரோ ஒரு டீச்சருடையதாம். புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். ஷெட்டிலிருந்து ஆட்களைக் கூப்பிடவில்லை. இது என் கையாலேயே ஆக வேண்டும். தெர்மகோலைப் பிய்த்தேன். கூலர் ஃபேனைக் கழற்றி, மேலே கூரையோரத்தில், முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி மாட்டினேன். அதற்கு ஒரு குட்டை டக்ட் மடித்துச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டேன். சூடு மேலேதான் நிற்கும், அதை அங்கேயே பிடித்து வெளியே தள்ள வேண்டும். கிழக்கு ஜன்னலைத் திறந்து கொசுவலை அடித்தேன். மேலே ஃபேன் இழுக்க, கீழே ஜன்னல் வழியாகப் புதுக்காற்று தானாக உள்ளே வரும். வாழ்நாளெல்லாம் கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்த வேலைதான்.

மாடிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடித்து, மேலே தென்னங்கீற்று பரப்பினேன். சமையலறையில் மீந்த கடப்பாக் கல் ஒன்றை ஜன்னலுக்கு எதிரே செங்கல் வைத்து அதன்மேல் கிடத்தினேன். அடியிலும் காற்று ஓடினால் கல் சில்லென்று இருக்கும். நாய் அதைப் பார்த்தது, ஒரு முறை மோந்தது, வயிறு முழுக்கக் கல்லில் படும்படி நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்தது. அதுவாகத்தான் படுத்தது. யாரும் இழுத்து வரவில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கண்டக்டர் கேட்டார். லாரி டிரைவர் தலைக்கு மேல் சுற்றுமே குட்டி ஃபேன், அது ஒன்று, பழைய பேட்டரி ஒன்று, இரண்டையும் இணைத்து வைத்தேன். கரண்ட் போனதும் அதைக் கல் பக்கத்தில் வைத்துவிடுவோம். தெருவே விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் வீட்டு நாய்க்கு ஃபேன் ஓடும்.

"அடுத்த ஜென்மத்துல உன் ஊட்ல நாயா பொறக்கணும் மாமே" என்றார்.

"இப்ப மட்டும் இன்னாவாம்?" என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் வந்தது.

பால் பாக்கெட் வருவதற்கு முன்னால் அதை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். தரையில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். கை தாங்காவிட்டால் அதன் கால் எப்படித் தாங்கும்? கழுத்துப் பட்டை மூச்சை இறுக்குகிறது என்று ஷெட்டில் கிடந்த கேன்வாஸ் பெல்ட்டை வெட்டி மார்போடு சேர்த்து மாட்டுகிற மாதிரி நானே தைத்தேன். தையல்காரி வீட்டில் நானே தைத்தேன் என்றால் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது சாப்பாடு. எடை பார்த்த டாக்டர், இது இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருக்கிறது, கொழுப்புக்குள்ளும் சூடு அடைபடும் என்று சொல்லியிருந்தார். ஆபீசர் வீட்டிலிருந்து அளவாகத்தான் வந்தது. இங்கே வந்துதான் ஊதியது. நெய்ச்சோறு போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே அளவுக் கிண்ணம் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். அது முகத்தைப் பார்த்துக் கெஞ்சினால் மிஷினை வேகமாக மிதிப்பாள். அப்படியும் எடை இறங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மதிலோரம் பார்த்தால் கண்டக்டர் டீக்கடைப் பொறை ரொட்டியை ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! கத்திரி தாண்டாதுன்னு சொன்னியே, அதுக்காவ நீயே கொல்றியா?"

"இல்லம்மா, அது பாத்தா... நானும் ஒரு மனுஷன் இல்லியா..."

"நாளையிலேர்ந்து பொறைய நீயே துன்னு."

பாவம், அடுத்த நாளிலிருந்து வெறுங்கையோடு வந்து மதிலோரம் உட்கார்ந்து அதோடு பேசிவிட்டுப் போனார்.

கத்திரி முடியும் தறுவாயில் ஒரு நாள் வானம் மூடிக்கொண்டது. வெயிலே இல்லை. தெருவில் எல்லோரும் அப்பாடா என்றார்கள். ஆனால் ஒரு இலைகூட ஆடவில்லை, சட்டை உடம்போடு ஒட்டியது. கொடியில் லைனிங் துணி காயாமல் தொங்குவதைப் பார்த்துவிட்டு மனைவி என்னிடம், "இன்னிக்கு ஷெட்டுக்குப் போவாத" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெயிலுக்குப் பயப்படுவதைவிட இந்த மாதிரி நாளுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மதியத்துக்கு மேல் நாய் இரைக்க ஆரம்பித்தது. கல்லில் படுத்தும் தணியவில்லை. கூரையோர ஃபேன் ஓடியது, கண்டக்டர் வீட்டு டேபிள் ஃபேனும் ஓடியது. ஒரு ஈரத்துணியால் அவள் வயிற்றைத் துடைப்பாள், அந்த ஈரத்தின் மேல் நான் ஃபேனைத் திருப்புவேன், மறுபடி துடைப்பாள். காற்று நனைந்திருந்தால் அதை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை. ஈறைத் தூக்கி நிறம் பார்ப்பாள். இளஞ்சிவப்பு. சரி. மறுபடி துடைப்பாள். அன்றைக்கு மிஷின் ஓடவில்லை, யாரும் சாப்பிடவும் இல்லை. இந்த மாதிரி நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தது, எனக்கு நினைவு தெரிந்து, வீடு கட்டியபோது மாடிக்குத் தண்ணீர் ஊற்றிய நாட்களில்தான்.

பொழுது சாயும் நேரத்தில் கிழக்கு ஜன்னல் கொசுவலை மெல்ல உள்பக்கம் புடைத்தது. கடல்காற்று அவ்வளவு தூரம் நடந்து வந்து சேர்ந்துவிட்டது. நாய் தலையைத் தூக்கி மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பியது. இரைப்பு மெல்ல மெல்ல இறங்கி, பழைய கர்ர் கர்ருக்கு வந்து, பிறகு குறட்டையாகியது.

மனைவி எழுந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. எனக்குக் காலை நீட்ட வேண்டும் போலிருந்தது. அந்த வீட்டில் காற்று வருகிற நல்ல இடம் அது ஒன்றுதான், ஜன்னலுக்கும் கல்லுக்கும் நடுவே நானும் தரையில் படுத்தேன். கண் செருகிக்கொண்டு போனபோது தலைக்கு மேலே அவள் குரல்.

"நவுருங்க. அதுக்கு வர காத்த மறைக்கிறீங்க."

நகர்ந்து, சூடாக இருந்த சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டேன்.